பேராண்டி விரல் இன்னும் பச்சைத் தோலு

வா பேராண்டி, வா. கிடாரு வாங்கிகினு வந்துட்டியாமே. திண்ணையில உக்காரு. அந்தப் பையை மெதுவா செவுத்துல சாய்ச்சு வையி. நேத்து சாயங்காலம் அதைத் தோள்ல மாட்டிகினு நீ தெருவுல வந்தப்போ உங்க பாட்டி பார்த்துட்டா. "இன்னாங்க இது, புள்ள முழு ஆட்டைப் பையில போட்டு எடுத்துகினு வரான்?"னு கேட்டா. "இல்லடி, அது வாசிக்கிற ஆடு"ன்னு சொல்லி வச்சேன்.

கூடவே கருப்புக் கண்ணாடி ஒண்ணு வாங்கியிருக்கே. முடியை நெத்தியில விழுற மாதிரி விட்டிருக்கே. ரொம்ப நல்லது. கிடாரு வாசிக்கிறதுல பாதி வேலை முடிஞ்சு போச்சு. மீதிப் பாதிக்கு விரல் வேணும்.

தை மாசம் உன் சித்தப்பன் மவ கல்யாண ரிசப்ஷன்ல மேடையேறி வாசிக்கப் போறேன்னு ஆம்பூர் முழுக்க சொல்லிகினு வந்திருக்கே. தை மாசத்துக்கு இன்னும் ரெண்டு மாசம் கீது. கிடாரு வந்து மூணு நாள் ஆவுது. கல்யாணம் பண்ணிக்கப் போற மாப்பிள்ளைக்குக் கூட இம்மாந் தைரியம் இருக்குமான்னு எனக்குச் சந்தேகம்.

சரி, இடது கையை நீட்டு. வலது கை டீ கிளாசைப் புடிச்சிகினு இருக்கட்டும். நாப்பது வருஷம் டேனரியில தோலு தரம் பிரிச்சவன்டா நான். ஆட்டுத் தோலை எடுத்து ஒரு தடவு தடவினா, அந்த ஆடு எந்த முள்ளு வேலியில உரசுச்சு, எங்க உண்ணி கடிச்சுது, எல்லாம் சொல்லுவேன். உன் விரல் நுனியைச் சொல்ல மாட்டேனா? ம்ம்... பச்சைத் தோலு. இன்னும் உப்பு கூடத் தடவல. வெயில் பட்டா நாறிடும்.

மூஞ்சைத் தொங்கப் போடாதே. எல்லாத் தோலும் பச்சைத் தோலா வந்தது தான். அந்தக் காலத்துல ஆவாரம் பட்டையும் கடுக்காயும் போட்டுப் பதம் பண்ணுவாங்க. வாரக்கணக்குல ஊறணும், எடுத்துப் பார்க்கணும், மறுபடி போடணும். அப்புறம் குரோம் வந்துச்சு. டிரம்முல போட்டு உருட்டினா ஒரே நாள்ல நீலம் பாஞ்சு வெட் ப்ளூவா வெளிய வந்துடுது. நீ குரோம் காலத்துப் புள்ள. ஆர்டர் போட்டா மறுநாள் வீட்டு வாசல்ல கிடாரு வந்து நிக்குது, செல்போனைத் தட்டினா வாத்தியார் வந்து நிக்குறார். ஆனா உன் விரல் மட்டும் இன்னும் பட்டைக் காலத்துலயே கீது பாரு. அதுக்குக் குரோமும் கிடையாது, டிரம்மும் கிடையாது. தினம் அழுத்தணும், வலிக்கணும், விடணும், மறுநாள் அதே எடத்துல அழுத்தணும். மூணு நாலு வாரம் போனா நுனியில தோலு தடிச்சு நிக்கும். ஞாயித்துக்கிழமை ஒரே மூச்சுல நாலு மணி நேரம் அழுத்திட்டு, மத்த ஆறு நாளும் சட்டை மடிப்பு கலையாம சுத்தினா, விரல் கொப்புளிக்குமே தவிர காய்க்காது. தினம் இருபது நிமிஷம் போதும்.

ஏன் வலிக்குதுன்னு தெரியுமா? இரும்புக் கம்பி கிடாருல ஆறு கம்பியும் சேர்ந்து இழுக்கிற இழுவை எழுபது கிலோவுக்கு மேல. ஒரு மூட்டை அரிசியை மடியில வச்சிகினு பாட்டு பாடப் போற. கீழ இருக்கிற சன்னக் கம்பி இருக்குதே, அது தடிமன் சுமார் 0.3 மில்லிமீட்டர். சதையில பதியாம வேற என்ன செய்யும்? நைலான் கம்பி போட்ட கிடாருன்னா இழுவை பாதிக்குப் பாதி குறையும். உன் கிடாரு இரும்பு. மினுமினுன்னு தெரிஞ்சதை வாங்கிட்டே. இருக்கட்டும், சினிமாவுல மினுமினுப்பு தானே தெரியுது.

இந்தக் கம்பிக்கே ஒரு கதை கீது, கேட்டுக்க. ஒரு காலத்துல கிடாருக்குக் கட்டினது ஆட்டுக் குடலு. கழுவி, சுரண்டி, முறுக்கி, காய வச்சு நரம்பாக்கிக் கட்டுவாங்க. வெள்ளைக்காரன் அதுக்குப் பூனைக் குடலுன்னு பேர் வச்சான். பூனை பாவம், அதுக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல. அதே நரம்பு தான் ஆஸ்பத்திரியில ஆப்பரேஷன் பண்ணினா உள்தையல் போடுற நூலு. ரெண்டாம் உலக யுத்தத்துல அடிபட்டவன் அதிகமானான், குடல் நரம்பெல்லாம் தையல் போடப் போச்சு, கிடார்க்காரன் கன்னத்துல கை வச்சிகினு உக்காந்தான். அப்போ நியூயார்க்குல ஆல்பர்ட் அகஸ்டின்னு ஒருத்தர் நைலானைக் கட்டிப் பார்த்தாரு. ஸ்பெயின் தேசத்துப் பெரிய வித்வான் ஆந்த்ரே செகோவியா அதுல வாசிச்சுக் காட்டினாரு. உலகம் பூரா நைலான் ஆச்சு. நம்ம ஊரு ஆட்டுக்கு இதுல மனக்குறை இருக்கணும். கறி பிரியாணிக்குப் போச்சு, தோலு ஷூ கம்பெனிக்குப் போச்சு, தலையும் காலும் சூப்புக்குப் போச்சு. குடலு ஒண்ணு தான் கச்சேரி மேடை ஏறியிருந்துச்சு. இப்போ அதுவும் எறங்கி வந்து போட்டிக் குழம்புல கெடக்குது.

கிடாரைக் கொஞ்சம் இப்படிக் குடு. கழுத்துல குறுக்கக் குறுக்கப் பதிச்சிருக்கானே, அது தான் ஃப்ரெட்டு. பன்னண்டாவது ஃப்ரெட்டுகிட்ட கம்பி எம்மாம் ஒயரத்துல நிக்குதுன்னு பார்க்கணும். ரெண்டு, ரெண்டரை மில்லிமீட்டர் இருந்தா சரி. சில கிடாருல சுண்டு விரலே உள்ளாற போவும். அது கிடாரு இல்ல, துணி காயப்போடுற கொடி. அதுல பழகுறவன் ரெண்டே வாரத்துல தனக்கு சங்கீதம் வராதுன்னு முடிவு கட்டிடுவான். வராதது சங்கீதம் இல்ல, கம்பி கீழ வரல. உன்னுது பரவாயில்ல. பலகை ஈட்டி மரம் மாதிரி தெரியுது. நம்ம நாட்டு ஈட்டிக்குக் கிடார் உலகத்துல தனி மவுசு. பிரேசில் ஈட்டி கிடைக்கிறது கஷ்டமானதும், அமெரிக்காவுல மார்ட்டின் கம்பெனிக்காரன் 1969ல நம்ம ஈட்டிக்குத் தான் வந்தான். அதனால நீ ஒண்ணும் ஊர் பேர் தெரியாத சாமானை மடியில வைக்கல. நம்ம பக்கத்து மரம், படிச்சுட்டு வந்திருக்கு.

எங்கே, ஒரு தடவை மீட்டு.

ஐயோ. நிறுத்து, நிறுத்து. கோழியெல்லாம் கூட்டுக்குள்ள போவுது பாரு. மணி நாலு தான் ஆவுது.

வேலூரைப் பத்தி ஒரு சொல்லு உண்டே, ராசா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயிலு, தண்ணி இல்லாத ஆறுன்னு. சாமி 1981ல திரும்பி வந்துட்டார், ஜலகண்டேஸ்வரர் கோட்டைக்குள்ள ஜம்முன்னு உக்காந்திருக்கார். தண்ணி கூட 2021 நவம்பர்ல வந்துச்சு, பாலாறு ரெண்டு கரையும் தொட்டுகினு ஓடுச்சு, நாம எல்லாம் பாலத்து மேல நின்னு போட்டோ புடிச்சோம். டேனரித் தண்ணியே ஆறா ஓடிப் பார்த்த ஊருக்கு அது திருவிழா. ஆக அந்த லிஸ்டுல ரெண்டு எடம் காலியாச்சு. ஒண்ணை நீ ரொப்பிட்டே: சுருதி இல்லாத கிடாரு.

மொதல்ல சுருதி சேர்க்கக் கத்துக்க. பாட்டு அப்புறம். தடிச்ச கம்பியில இருந்து சன்னக் கம்பி வரைக்கும் இ, ஏ, டி, ஜி, பி, இ. இது ஞாபகம் நிக்கலேன்னா நான் ஒண்ணு சொல்றேன், பிழைச்சுக்க: "இன்னிக்கி ஏன்டா டீக்கடையில ஜீரகசம்பா பிரியாணி இல்ல?" மொத எழுத்தை எல்லாம் சேர்த்துப் பாரு. ஆம்பூர்ல பொறந்தவனுக்கு இது மறந்தா, அவன் ஆம்பூர்லயே பொறக்கல.

செல்போன்ல ட்யூனர் இருக்குது, முள்ளு நடுவுல நின்னா சரி, பச்சை வெளிச்சம் வரும். அதை வச்சு சேர்த்துக்க. ஆனா காதுலயும் சேர்க்கப் பழகு. தடிச்ச கம்பியை அஞ்சாவது ஃப்ரெட்டுல அழுத்தினா அடுத்த கம்பியைச் சும்மா விட்டு மீட்டுற சத்தம் வரணும். அதே மாதிரி ஒவ்வொண்ணுக்கும். கம்பி நம்பரைச் சன்னக் கம்பியில இருந்து எண்ணணும். மூணாவது கம்பியில இருந்து ரெண்டாவதுக்கு மட்டும் நாலாவது ஃப்ரெட். ஏன் அங்க மட்டும் நாலுன்னு கேக்காதே. எல்லாக் குடும்பத்துலயும் ஒருத்தன் அப்படி இருப்பான். ரெண்டு சத்தமும் ஒத்துப் போகாதப்போ காதுக்குள்ள ஒரு அலை அடிக்கும், வவ்-வவ்னு. நெருங்க நெருங்க அலை மெதுவாகும். ஒண்ணு சேர்ந்தா அடங்கும். அந்த அலை அடங்குறதைக் கேக்கப் பழகினவனுக்கு ட்யூனர் பேட்டரி தீர்ந்தாலும் பயம் கிடையாது. மண்டபத்துல ஏசி போட்டா சுருதி மாறும், லைட்டு சூடு பட்டா மாறும், புதுக் கம்பின்னா சும்மா இருந்தாலே மாறும். மேடையேறுறதுக்கு அஞ்சு நிமிஷம் முன்னாடி ஒரு தரம் பாரு. மைக்குக்கு முன்னாடி நின்னுகினு டொய்ங், டொய்ங்னு சேர்க்காதே. ஜனங்க அதையே மொதப் பாட்டுன்னு நினைச்சுக் கை தட்டிடுவாங்க.

இப்போ கட்டை விரல். கிடாரு கழுத்துக்குப் பின்னாடி, நடுவுல வையி. பஸ்ஸுல கம்பியைப் புடிக்கிற மாதிரி இறுக்கிப் புடிக்காதே, இது ஆம்பூர் - பேர்ணாம்பட்டு டவுன் பஸ் இல்ல. நகத்தை வெட்டு. இடது கையில மட்டும். விரலை ஃப்ரெட்டு மேலயே வைக்கக் கூடாது, ரெண்டு ஃப்ரெட்டுக்கு நடு மத்தியிலயும் வேணாம். உடம்புப் பக்கத்து ஃப்ரெட்டை ஒட்டி, அதுக்குச் சத்தே பின்னாடி வையி. அங்க வச்சா பாதி பலத்துலயே சத்தம் சுத்தமா வரும். தோலு சீவுறவன் கத்தியை எந்தக் கோணத்துல புடிக்கணுமோ அந்தக் கோணத்துல புடிச்சா தோலு தானா வழுக்கிகினு வரும், இல்லேன்னா பலத்தைக் காட்டிக் காட்டி ஓட்டை போடுவான். நான் அப்படி ஓட்டை போட்டவனை எல்லாம் பார்த்திருக்கேன். அவனுங்க எல்லாம் பலசாலிங்க.

கார்டு, அதான் ஒண்ணா மீட்டுற சுரக் கூட்டு, எது மொதல்லன்னு கேளு. இ மைனர். ரெண்டே விரல், அஞ்சாவது கம்பியும் நாலாவது கம்பியும், ரெண்டாவது ஃப்ரெட்டு. மத்ததெல்லாம் சும்மா. ஆறு கம்பியையும் மீட்டலாம். இதை விட மலிவா சங்கீதம் எங்கயும் கெடைக்காது. அப்புறம் ஏ மைனர், அதுல இருந்து சி. இங்க தான் ஒரு சூட்சுமம் கீது. ஏ மைனர்ல மூணு விரல் வைக்கிற. சிக்குப் போறப்போ ரெண்டு விரல் அங்கயே நிக்கும். மோதிர விரல் ஒண்ணு மட்டும் எழுந்து அஞ்சாவது கம்பிக்கு, மூணாவது ஃப்ரெட்டுக்குப் போவும். நீ இன்னா பண்றே? மூணு விரலையும் ஒண்ணா எடுத்துட்டு, வானத்தைப் பார்த்துட்டு, மறுபடி ஒண்ணொண்ணா எறக்குறே. வீடு மாறுறவன் மாதிரி சட்டி பானை எல்லாம் தூக்காதே. ஒரு ஆளு எழுந்து அடுத்த நாற்காலியில உக்கார்றான், அம்மாந்தான்.

ஜியும் டியும் சேர்த்துக்க. டிக்கு அடியில நாலு கம்பி மட்டும், மேல இருக்கிற ரெண்டு தடிக் கம்பியும் வேணாம். எஃப் கிட்டப் போவாதே. ஆள்காட்டி விரலைப் படுக்க வச்சு ஆறு கம்பியையும் ஒரே அழுத்தா அழுத்தணும் அதுக்கு. பச்சைத் தோலுக்காரன் பண்ற வேலை இல்ல. நெறைய பேரு கிடாரை மூட்டை கட்டி பரண்ல போடுறது அந்த எஃப்லதான். ஆறு மாசம் கழிச்சு அது கிட்டப் போ, அப்போ மரியாதை குடுக்கும்.

ஒரு கார்டுல இருந்து இன்னொண்ணுக்கு ஒரு நிமிஷத்துல எத்தனை தடவை மாத்துறேன்னு எண்ணு. மொத நாளு எட்டு வரும், நாலு சுத்தமா இருக்காது. முப்பது வர வரைக்கும் எந்தப் பாட்டையும் தொடாதே. தொட்டா பாட்டுக்குத் தான் அசிங்கம்.

வலது கை. இதைத் தான் உன்னை மாதிரிப் புள்ளைங்க கண்டுக்கிறதே இல்ல. இடது கை என்னமோ பெரிய சாகசம் பண்ற மாதிரி எல்லாரும் அதையே பார்க்குறாங்க. ஜனங்க காலு ஆடுறது வலது கையாலடா. கீழ, மேல, கீழ, மேல, கை நிக்கக் கூடாது. கம்பியில பட்டாலும் படலேன்னாலும் கை போய்கினே இருக்கணும். உங்கம்மா ஷூ கம்பெனியில அப்பர் தைக்கிறதைப் பார்த்திருக்கியா? துண்டு மாறும், நூலு மாறும், பக்கத்துல சூப்பர்வைசர் வந்து கத்துவான். மிஷின் சத்தம் மட்டும் ஒரே சீரா ஓடும். எட்டு மணி நேரம் அப்படி ஓட்டிட்டு, கம்பெனி பஸ்ஸுல வந்து எறங்கி, அடுப்பு பத்த வைக்கிறா. தாளம்னா இன்னான்னு தெரியணும்னா யூடியூப்பைப் பார்க்காதே, உங்கம்மா காலைப் பாரு.

இதை எல்லாம் கேட்டுகினு மனசுக்குள்ள நீ எதை நினைக்கிறேன்னு எனக்குத் தெரியும். "தாத்தா சும்மா வளவளங்குறார், நம்ம 'இளைய நிலா' எப்போ?"ன்னு தானே? மூஞ்சியே சொல்லுதே. பயணங்கள் முடிவதில்லை, 1982. அந்தக் கிடாரை வாசிச்சவர் சந்திரசேகர். அதுக்கு ரெண்டு வருஷம் முந்தி 'என் இனிய பொன் நிலாவே', மூடுபனி, பிரதாப் போத்தன் கையில கிடாரோட வருவாரு. தமிழ்நாட்டுல கிடாரு வாங்குறவனை எல்லாம் இந்த ரெண்டு நிலாவும் தான் கடைக்குக் கூட்டிகினு போவுது. கடையோட அது விட்டுட்டுப் போயிடும், வீட்டுல அமாவாசை தான். 'இளைய நிலா'வுல வர்ற மாதிரி கம்பியை ஒண்ணொண்ணா பிரிச்சு மீட்டணும்னா கட்டை விரல் ஒரு வேலை, மத்த விரல் ஒரு வேலை. நீ ஒரே கையால டீயும் குடிச்சுகினு செல்போனும் பார்க்குறப்போ சட்டையில கொட்டிக்கிற ஆளு.

அந்த ரெண்டு பாட்டுக்கும் மெட்டு போட்டவர் எப்படி வந்தாருன்னு பாரு. பண்ணைப்புரத்துல இருந்து அண்ணன் பாவலர் வரதராஜனோட ஊர் ஊரா மேடையில வாசிச்சு, அப்புறம் மெட்ராஸ்ல தன்ராஜ் மாஸ்டர்கிட்ட உக்காந்து பாடம் கேட்டு, லண்டன் டிரினிட்டி இசைக் கல்லூரி கிடார் பரீட்சை எழுதினவர் இளையராஜா. அதுக்கெல்லாம் அப்புறம் தான் 1976ல 'அன்னக்கிளி'. கருப்புக் கண்ணாடி அவர் போடல.

நம்ம பக்கத்துலயே இல்லையா? ராணிப்பேட்டை ஆளு, கிடார் பிரசன்னா. நம்ம மாதிரியே டேனரி ஊரு. சென்னை ஐஐடியில கப்பல் கட்டுற படிப்பு படிச்சாரு, அப்புறம் அமெரிக்காவுல பெர்க்லி காலேஜ்ல சங்கீதம் படிச்சாரு. கர்நாடக சங்கீதத்தைக் கிடாருல வாசிக்கிறாரு. அது எம்மாம் கஷ்டம்னு யோசிச்சுப் பாரு. வீணையில கம்பியை இழுத்தா கமகம் வரும். கிடாருல ஃப்ரெட்டு வேலி போட்டு வச்சிருக்கு, இந்தச் சுரம், அந்தச் சுரம், நடுவுல வழி இல்லைன்னு. இவரு கம்பியைப் பக்கவாட்டுல இழுத்தும், விரலைச் சறுக்கியும் வேலி தாண்டிகினே இருப்பாரு. ஆஸ்கார் வாங்கின 'ஸ்மைல் பிங்கி'ங்கிற படத்துக்கு மியூசிக் போட்டவரும் அவர் தான். ராணிப்பேட்டையில கேட்டா பத்துல எட்டுப் பேருக்குத் தெரியாது. எந்த டேனரியில ஷிப்ட் எத்தனை மணின்னு கேளு, சொல்லுவான்.

விரல் வலிக்குதுன்னு நீ நேத்து அழுதது பாட்டி மூலமா எனக்கு வந்து சேர்ந்துச்சு. ஜாங்கோ ரைன்ஹார்ட்னு ஒருத்தர், பிரான்சுல வண்டியில ஊர் ஊரா சுத்துற நாடோடிக் குடும்பம். 1928ல அந்த வண்டி தீப்புடிச்சு இடது கையில ரெண்டு விரல் மடங்கிப் போச்சு. மீதி ரெண்டு விரலை வச்சிகினே ஜாஸ் கிடாருல ராசாவா நின்னாரு. உனக்கு நாலு விரலும் இருக்குது. அதுல ஒண்ணுல மோதிரம் வேற போட்டிருக்கே. மொதல்ல அதைக் கழட்டு.

இப்போ கல்யாணத்துக்கு வருவோம். யாரு பாடப் போறாங்க? உன் அத்தை மவளா? அவ சுருதி என்ன கட்டை? தெரியாதா? மேடையில போயி அவ நாலரைக் கட்டையில ஆரம்பிச்சு நீ ஒரு கட்டையில மீட்டினா கல்யாணம் நிக்காது, சொந்தம் நின்னுடும். ஒரு கட்டைன்னா சி, ரெண்டு கட்டைன்னா டி, அஞ்சு கட்டைன்னா ஜி. அவளுக்கு ரெண்டு கட்டை சௌரியமா இருக்குதுன்னா புதுசா கார்டு கத்துக்க வேணாம். கேப்போன்னு ஒரு கிளிப்பு விக்குது, ரெண்டாவது ஃப்ரெட்டுல மாட்டிட்டு சி புடிக்கிற மாதிரியே புடி, டி வரும். அவளை வச்சுகினு பத்து நாளாவது பழகு. பாடுறவளைப் பார்த்துகினே வாசி. உன் விரலையே குனிஞ்சு பார்த்துகினு இருந்தா ஜனங்களும் அங்க ஏதோ அடிபட்டிருக்குன்னு தான் பார்ப்பாங்க.

நின்னுகினு பழகு. நீ கட்டில்ல சாஞ்சு பழகிட்டு மேடையில நின்னா கிடாரு வேற எடத்துல தொங்கும், கை தேடும். தோள்ல மாட்டுற பட்டை நைலான்ல குடுத்திருக்கான், வழுக்குது. ஆம்பூர்ல இருந்துகினு நைலான் பட்டையா போடுவே? கட்டிங் டிபார்ட்மெண்ட்ல உன் மாமன்கிட்ட சொல்லு, நல்ல துண்டா பார்த்து ரெண்டு இன்ச் அகலத்துல வெட்டிக் குடுப்பான். உள்பக்கம் சொரசொரப்பு இருக்கட்டும், அது தான் சட்டையைப் புடிச்சிகினு நிக்கும்.

பாட்டு ரெண்டு போதும். ரெண்டும் மெதுவா போற பாட்டா எடு. எத்தனை பாட்டு தெரியும்னு யாரும் கேக்கப் போறதில்ல, எப்போ முடியும்னு தான் கேப்பாங்க.

நீ ஒண்ணு கேக்கணும்னு வாயைத் தொறந்து தொறந்து மூடுறே. தாத்தாவுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்னு தானே? உங்க பாட்டி உள்ள இருக்காளா பாரு. கதவைச் சாத்து.

நானும் வாங்கினேன்டா. 1982ல அந்த 'இளைய நிலா' படம் வந்த கையோட. ஜோலார்பேட்டை ரயில்வே காலனியில ஒரு ஆங்கிலோ இந்தியன் இன்ஜின் டிரைவர் இருந்தாரு, ரிட்டயர் ஆகி சும்மா உக்காந்திருந்தாரு. அவருகிட்ட பழைய கிடாரு ஒண்ணு வாங்கினேன். ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை பாசஞ்சர் ஏறிப் போவேன். அவரு இ மைனர் சொல்லிக் குடுப்பாரு, நான் 'இளைய நிலா' கேப்பேன். அவரு மறுபடி இ மைனர் சொல்லுவாரு. ஆறாவது வாரம் நான் போகல, எனக்குத் தான் எல்லாம் வந்துடுச்சே. நானும் கருப்புக் கண்ணாடி வாங்கினேன்.

1983, வாணியம்பாடி, சிநேகிதன் தங்கச்சி கல்யாணம். மேடையேறினேன். மொத நாலு வரி போச்சு. அஞ்சாவதுல விரல் வழுக்குச்சு. நிறுத்தினேன். "மன்னிக்கணும்"னு மைக்குல சொன்னேன். மறுபடி மொதல்ல இருந்து. அதே எடத்துல வழுக்குச்சு. மறுபடி மன்னிக்கணும். மூணாவது தடவை ஆரம்பிக்கிறப்போ பின்னாடி பிரியாணி அண்டா மூடியைத் தொறந்துட்டான்டா பாவி. வாசனை பந்தலுக்குள்ள வந்துச்சு. மொத வரிசை எழுந்துச்சு, ரெண்டாவது வரிசை எழுந்துச்சு, மாப்பிள்ளை கூட ஒரு கண்ணால அந்தப் பக்கம் பார்த்தான். கடைசியில பந்தல்ல நானு, மைக்செட்காரன், தூங்குற ஒரு கெழவி. கத்திரிக்காய் கூட தீர்ந்தப்புறம் தான் நான் சாப்பிடப் போனேன்.

அடுத்த வாரம் ஜோலார்பேட்டை போயி டிரைவருகிட்ட சொல்லி அழுதேன். அவரு சிரிச்சிகினே கேட்டாரு: "ஓடுற வண்டியில ஒரு ஆட்டம் ஆடினா, நடுக்காட்டுல நிறுத்தி எறங்கி பாசஞ்சர்கிட்ட எல்லாம் மன்னிப்பு கேப்பேனா?" நான் தப்பா வாசிச்சது அந்தப் பந்தல்ல ஒருத்தனுக்கும் தெரியாது பேராண்டி. நிறுத்தினது தான் தெரிஞ்சுது. தப்பு வந்தா வரட்டும். வலது கை போய்கினே இருக்கட்டும், இடது கை அடுத்த கார்டுல வந்து சேர்ந்துக்கும். மூஞ்சியில மட்டும் காட்டாதே. அதுக்கு வேணும்னா அந்தக் கருப்புக் கண்ணாடி உதவும்.

அந்தக் கிடாரு என்ன ஆச்சா? வித்துட்டு உங்க பாட்டிக்கு ஒரு புடவை வாங்கினேன். அவ இன்னிக்கும் அது போனஸ் பணம்னு தான் நினைச்சிகினு இருக்கா.

ஞாயித்துக்கிழமைக்கு ஞாயித்துக்கிழமை வந்து விரலைக் காட்டிட்டுப் போ. தரம் பிரிச்சு சொல்றேன். இன்னிக்கு பச்சைத் தோலு. தை மாசத்துக்குள்ள வெட் ப்ளூ வந்தா மேடையேறு, இல்லேன்னா பந்தி பரிமாறு, அதுலயும் நல்ல பேரு வாங்கலாம்.

எங்க தெருக்காரங்களுக்கு ஒரு வார்த்தை. சாயங்காலம் ஆறரை மணியில இருந்து ஆறே முக்கால், அதிகம் போனா ஏழு மணி வரைக்கும் தான் வாசிப்பான், நான் சொல்லியிருக்கேன். அது வரைக்கும் டிவி சத்தத்தைக் கொஞ்சம் கூட்டி வச்சுக்குங்க. கோழியை மட்டும் அஞ்சு மணிக்கே அடைச்சுடுங்க.